11,500 சாப்பாடு யார் கணக்கில்?

கூலி உயர்வு, ரேஷன், மனைப்பட்டா என்று எழுத எவ்வளவோ கிடக்க, திரையில் வாள் வீசுகிற விளையாட்டைப் பற்றி இந்தப் பத்திரிகையில் என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. பதில் சொல்லிவிட்டு மேலே செல்கிறோம்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் அச்சு வார்க்கிறவர் வீட்டிலும், மணிமுத்தாற்றங்கரைக் கிராமங்களில் நாற்று நடுகிறவர் வீட்டிலும் இன்று செல்போன் வந்துவிட்டது. அப்பனும் ஆத்தாளும் வேலைக்குப் போன நேரத்தில் அது பிள்ளையின் கையில் இருக்கிறது. பிள்ளை அதில் என்ன பார்க்கிறான்? ராஜா, கோட்டை, வாள், ரத்தம். பழைய காலம் என்றால் வெட்டும் குத்தும்தான் என்று அவன் பள்ளிப் புத்தகத்துக்கு முன்பே இந்த விளையாட்டில் கற்றுக்கொள்கிறான். இது ஒன்று.

இரண்டாவது, இந்த விளையாட்டுகள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்து இவற்றைச் செய்கிறார்கள். இதுவும் ஒரு தொழில். தொழில் என்றால் அங்கே வேலை நேரம் உண்டு, கூலி உண்டு, முதலாளி உண்டு. நம் ஊர்களிலிருந்து கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற பிள்ளைகள் நாளை அந்த நாற்காலியில் உட்காரக்கூடும். ஆகவே பேசத்தான் வேண்டும்.

பழைய காலத்தைக் களமாகக் கொண்ட இரண்டு விளையாட்டுகளை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று நம் நாட்டில் செய்தது, மற்றது ஜெர்மனியில் செய்தது. இரண்டையும் விமர்சகர்கள் எப்படி எடை போட்டார்கள், அந்தத் தராசில் எது வைக்கப்படவே இல்லை என்பதே நாம் சொல்ல வந்த விஷயம்.

ராஜி என்னும் பெண்

புனே நகரில் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் இருக்கிறது. அது செய்த விளையாட்டின் பெயர் 'ராஜி: ஆன் ஏன்ஷியண்ட் எபிக்'. 2017ல் இதற்காகப் பொதுமக்களிடம் இணையம் மூலம் முன்பணம் திரட்டப் பார்த்தார்கள். கேட்ட தொகை சேரவில்லை. ஆனாலும் கைவிடாமல் உழைத்து, 2020 ஆகஸ்டில் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டு யந்திரத்திலும், அக்டோபரில் மற்ற யந்திரங்களிலும் கம்ப்யூட்டரிலும் வெளியிட்டார்கள். அந்த ஆண்டு உலக அளவில் நடந்த விளையாட்டு விருது விழாவில், புதியவர்களின் சிறந்த முதல் படைப்பு என்ற பிரிவில் போட்டிக்கு எடுக்கப்பட்ட ஐந்தில் இதுவும் ஒன்று. பெரும் பணமூட்டை இல்லாத ஒரு சிறு கூட்டம் இவ்வளவு தூரம் வந்தது பாராட்டத்தக்கது. மனமாரப் பாராட்டுகிறோம்.

கதை இதுதான். ராஜி ஒரு அநாதைப் பெண். வித்தை காட்டும் கூட்டத்தில் ஆடிப் பிழைப்பவள். அசுரர் படை வந்து அவள் தம்பி கோலுவைத் தூக்கிக்கொண்டு போகிறது. துர்க்கை கொடுத்த சூலாயுதத்தை ஏந்தி, கோட்டை கோட்டையாகத் தாவி, மகாபலாசுரனைத் தேடிப் போகிறாள் அக்காள்.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? ராஜஸ்தானத்துக் கோட்டைகளை நினைவூட்டும் கட்டடங்கள், மலைநாட்டு ஓவியப் பாணி, நிழற்பாவை போல் கதை சொல்லும் காட்சிகள், இசை ஆகியவற்றைப் பெரும்பாலோர் புகழ்ந்தார்கள். விளையாட்டு உலகம் அதிகம் தொடாத இந்தியக் களம் வந்ததே என்று மகிழ்ந்தார்கள். சண்டையில்தான் குறை கண்டார்கள். அடி சரியாக விழவில்லை, கை சொன்னதைத் திரை உடனே கேட்கவில்லை, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கிறது, ஐந்தாறு மணி நேரத்தில் கதை பாதியில் அறுந்தாற்போல் முடிந்துவிடுகிறது என்றார்கள். மொத்தத்தில், கண்ணுக்கு விருந்து, கைக்குக் குறை என்று தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பில் பெரும்பகுதி நியாயம்தான். ஆனால் நாம் படித்த விமர்சனங்களில் ஒரு விஷயம் ஒரு வரியில் வந்து போய்விடுகிறது. ராஜி யார்? ராஜகுமாரியா? இல்லை. வித்தை காட்டி வயிறு வளர்க்கும் பெண். நம் ஊர்க் கழைக்கூத்தாடி வீட்டுப் பெண்ணைப் போன்றவள். இப்படி ஊர் ஊராய்த் திரிந்து பிழைத்த எத்தனையோ கூட்டத்தாரை வெள்ளைக்கார சர்க்கார் 1871ல் குற்றப் பரம்பரை என்று சட்டம் போட்டு முத்திரை குத்தியது. அந்தச் சட்டம் நீங்கியது 1952ல்தான். சட்டம் போன பிறகும் போலீஸ் ஸ்டேஷன் சந்தேகம் போகவில்லை. அப்படிப்பட்ட மக்களின் பெண்ணைக் கதாநாயகியாக நிறுத்தியது எவ்வளவு பெரிய காரியம்! விளையாட்டின் மேன்மை அங்கேதான் இருக்கிறது.

விளையாட்டின் குறையும் அங்கேதான் இருக்கிறது. சூலாயுதம் கைக்கு வந்தவுடன் அவளுடைய கூத்துக் கூட்டம் மறைந்துவிடுகிறது. அவள் தாவுவதும் சுழல்வதும் மட்டும் மிஞ்சுகிறது. அதைக் கற்பித்த மக்கள் இல்லை. பிரம்மாண்டமான கோட்டை இருக்கிறது. அதற்குக் கல் சுமந்தவன் இல்லை, சுண்ணாம்பு அரைத்தவள் இல்லை, தண்ணீர்ப்பானை வனைந்தவன் இல்லை. ஆளரவமற்ற மாளிகையில் அசுரர்களும் அவளுமாகச் சண்டை நடக்கிறது. சண்டையில் அடி சரியாக விழுந்ததா என்று அளந்த விமர்சகர்கள், மாளிகையில் ஏன் ஆள் இல்லை என்று கேட்டிருக்க வேண்டாமா?

ரோமாபுரியின் கதை

இனி ஜெர்மனிக்குப் போவோம். ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து க்ரைடெக் நிறுவனம் செய்த விளையாட்டு 'ரைஸ்: சன் ஆஃப் ரோம்'. 2013 நவம்பர் 22 அன்று மைக்ரோசாஃப்ட் தன் புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் யந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, கூடவே இதையும் கொண்டுவந்தது. யந்திரத்தை விற்க ஒரு காட்சிப் பொருள் என்று சொன்னால் தப்பில்லை.

இதில் நாயகன் மாரியஸ் என்ற ரோமாபுரிச் சிப்பாய். தன் குடும்பத்தைக் கொன்றதற்குப் பழி வாங்க, பிரிட்டன் வரை போய் அங்கத்திய மக்களை வெட்டிச் சாய்க்கிறான். வெட்டு என்றால் சாதாரண வெட்டு இல்லை. எதிரி தள்ளாடும்போது காலம் மெதுவாகிறது. அவன் உடம்பில் ஒரு நிறம் மின்னுகிறது. அந்த நிறத்துப் பொத்தானை அழுத்தினால் கை தனி, கால் தனி. விமர்சகர்களில் பலர் ஒரு வேடிக்கையைச் சுட்டிக் காட்டினார்கள்: பொத்தானைத் தப்பாக அழுத்தினாலும் எதிரி செத்துத்தான் விழுகிறான்! நம் சூளையில் ஒரு கை தப்பினால் ஒரு சூளைப் பொம்மையும் வெடித்துப் போகும், கூலியில் பிடிப்பான். அங்கே கொலைக்கு மட்டும் தப்பே கிடையாது.

படம் அற்புதம், ஆட்டம் அலுப்பு. ஏறக்குறைய எல்லோருடைய அபிப்பிராயமும் இதுதான். பல விமர்சனங்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி சொல்லும் மெட்டாகிரிட்டிக் கணக்கில் நூற்றுக்கு 60 கிடைத்தது. ஒரே முகமுள்ள எதிரிகள் மறுபடி மறுபடி வருகிறார்கள் என்று சலித்துக்கொண்டார்கள். சரித்திரமும் சந்தி சிரிக்கிறது. நீரோ மன்னன் கி.பி. 68ல் செத்தான், கொமோடஸ் 180 முதல் 192 வரை ஆண்டவன். விளையாட்டிலோ கொமோடஸ் நீரோவின் மகன்!

இதைவிடப் பெரிய புரட்டு ஒன்று உண்டு. பூடிக்கா என்ற ராணி கி.பி. 60, 61 வாக்கில் பிரிட்டனில் ரோமாபுரி ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தவள். ஏன் செய்தாள்? கணவன் இறந்ததும் ரோமாபுரி அதிகாரிகள் அவள் நாட்டைப் பறித்தார்கள், அவளைச் சவுக்கால் அடித்தார்கள், அவள் பெண்மக்களைக் கெடுத்தார்கள். ரோமாபுரிச் சரித்திராசிரியன் டாசிட்டஸே எழுதிவைத்த செய்தி இது. விளையாட்டிலோ அவளை ரோமாபுரி வாசலுக்கே படையோடு வரவழைத்து, நாயகன் கையால் சாகடிக்கிறார்கள். நிலம் பறிகொடுத்தவள் படையெடுப்பாளி ஆகிறாள்; பறித்தவன் ஊரைக் காக்கிறவன் ஆகிறான். நில அபகரிப்பைப் பார்த்துப் பழகிய நம் மக்களுக்கு இந்த வித்தை புதிதா?

அடிமைகள் எங்கே? கி.மு. 73ல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகள் ரோமாபுரியை நடுங்க வைத்தார்கள். கி.மு. 71ல் அவர்களை முறியடித்த கிராசஸ், பிடிபட்ட 6,000 பேரைக் காப்புவா நகரத்திலிருந்து ரோமாபுரி வரை சாலையோரம் சிலுவையில் அறைந்தான். அந்த 6,000 பேர் மீது நின்ற ஊர்தான் ரோமாபுரி. படம் அற்புதம் என்று புகழப்பட்ட பளிங்கு மண்டபங்களை எழுப்பிய கை எவருடையது என்று திரையும் சொல்லவில்லை, தராசும் கேட்கவில்லை.

சாப்பாட்டுக் கணக்கு

இப்போது தலைப்புக்கு வருகிறோம்.

விளையாட்டு வெளிவருவதற்கு முந்திய மாதம், 2013 அக்டோபரில், இந்தக் கம்பெனி ஒரு பெருமையான செய்தியை வெளியிட்டது. வேலை முடிவதற்குள், நேரம் கடந்து உழைக்கும் தன் ஊழியர்களுக்கு 11,500க்கும் மேற்பட்ட இரவுச் சாப்பாடு போட்டிருப்போம் என்று! விளம்பரம் என்று நினைத்துத்தான் போட்டார்கள்.

தோழர்களே, இரவுச் சாப்பாட்டைப் பட்டறையில் சாப்பிடுகிறவன் வீட்டில் சாப்பிடவில்லை என்று அர்த்தம். இதற்குப் படிப்பு வேண்டாம். இரவு ஷிப்ட் பார்த்த எந்த மில் தொழிலாளிக்கும் தெரியும். 11,500 சாப்பாடு என்றால், பிள்ளை தூங்கிய பின் வீடு திரும்பிய 11,500 இரவுகள். அன்ன தானம் போல் சொல்லிக்கொண்டது உண்மையில் ஓவர்டைம் கணக்கு. அந்தத் தொழிலில் இந்தக் கசக்கிப் பிழிதலுக்கு 'கிரஞ்ச்' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். விளையாட்டுத் தொழிலில் உள்ளவர்களே அன்று இதைக் கண்டித்துக் குரல் எழுப்பினார்கள். அந்தக் கோபம் முற்றிலும் நியாயம்.

பிறகு என்ன நடந்தது? 2014 நடுவில் அதே கம்பெனியில் சம்பளம் நேரத்துக்கு வரவில்லை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் கிளையில் பலர் வேலைக்கு வராமல் நின்றார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. 2016 டிசம்பரில் சியோல், ஷாங்காய், இஸ்தான்புல், புடாபெஸ்ட், சோஃபியா ஆகிய ஐந்து ஊர்க் கூடங்களைக் கைகழுவுவதாகக் கம்பெனி அறிவித்தது. சாப்பாடு போட்ட கை சம்பளம் போடத் தயங்கியது. வாள் வீசிய மாரியஸ் திரையில் ஜெயித்தான். அவனை வரைந்தவர்கள் சம்பளத் தேதியைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

விமர்சகர்கள் மீது அபாண்டம் சொல்ல விரும்பவில்லை. இந்தச் செய்திகளை வெளியே கொண்டுவந்ததும் விளையாட்டுப் பத்திரிகைகள்தான். ஆனால் செய்திப் பக்கத்தில் வந்த உழைப்பு, மதிப்பெண் பக்கத்துக்கு வந்து சேரவில்லை. படத்துக்கு இத்தனை, சண்டைக்கு இத்தனை, இசைக்கு இத்தனை என்று கூட்டிய 60ல் 11,500 இரவுகளுக்கு எத்தனை? ஒன்றுமில்லை. நம் கேள்வி இதுதான்.

ஓடு சொல்லும் சாட்சி

பழைய காலம் என்றால் வாள்தானா? பீங்கான் ஊராகிய நமக்கு வேறு சாட்சி தெரியும். வாள் துருப்பிடித்துப் போகும். அரண்மனை இடிந்து போகும். சுட்ட மண் அவ்வளவு எளிதில் சாகாது.

ரோமாபுரியிலேயே டெஸ்டாச்சோ என்று ஒரு குன்று இருக்கிறது. உயரம் சுமார் 35 மீட்டர். மலை என்று நினைத்தால் ஏமாந்து போவோம். எண்ணெய் வந்த ஜாடிகளை உடைத்து உடைத்துக் கொட்டியதால் எழுந்த குன்று அது! ஐந்து கோடிக்கும் மேற்பட்ட ஜாடிகளின் ஓடுகள் அதில் இருப்பதாக ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகிறார்கள். ஸ்பெயினிலும் வட ஆப்பிரிக்காவிலும் வனைந்து, சுட்டு, எண்ணெய் நிரப்பி, கப்பலில் ஏற்றி அனுப்பிய ஜாடிகள். பலவற்றில் சூளை முத்திரை உண்டு, எடை எழுதிய மசி உண்டு. ரோமாபுரியின் மெய்யான சரித்திரத்தை எழுத வேண்டுமானால் அந்தக் குன்றிலிருந்து எழுத வேண்டும்.

அந்த ஜாடிகளின் உறவினர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாட்டு ஜாடி ஓடுகளும் தட்டு ஓடுகளும் கிடைத்தன. சிப்பாய் மாரியஸ் நம் கரைக்கு வரவில்லை. குயவன் செய்த ஜாடி வந்தது.

கீழடியைப் பாருங்கள். 2015ல் மத்திய தொல்லியல் துறை தோண்டத் தொடங்கிய அந்த மேட்டில், பிறகு மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்து தோண்டியது. கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை செல்லும் வாழ்வு என்று 2019ல் மாநிலத் துறை அறிக்கை வெளியிட்டது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் ஆதன் என்று பெயர்கள் தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. ராஜாவின் மெய்க்கீர்த்தி அல்ல. தன் பானையில் தன் பெயரைக் கீறிவைத்த மனிதர்களின் கையெழுத்து.

இன்னொன்றும் அங்கே கிடைத்தது. விளையாட்டைப் பற்றிப் பேசுகிறபோது அதைச் சொல்லாமல் விட முடியாது. உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள், சுடுமண் ஆட்டக் காய்கள், பகடைகள்! நம் பெண் பிள்ளைகள் இன்றும் தரையில் கட்டம் கிழித்து எறிந்து நொண்டி ஆடுகிற அதே சில்லு. பழங்காலத்து மெய்யான விளையாட்டுக் கருவி குயவன் வீட்டு ஓடுதான். யாரையும் வெட்டாமல், யார் ரத்தமும் சிந்தாமல், 2,000 ஆண்டுகளுக்கு மேலாக ஆடி வருகிற ஆட்டம் அது.

இரண்டு பக்கத்துக் கூச்சல்

நாம் இப்படிச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்து சத்தம் வரும்.

ஒரு பக்கத்தார், "விளையாட்டில் போய் வர்க்கத்தைத் தேடுகிறீர்களே, பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டுமே" என்பார்கள். பிள்ளைகளின் சந்தோஷத்துக்கு நாம் எதிரியல்ல. நாள் முழுக்க முந்திரிக் கொட்டை பொறுக்கிவிட்டு வந்த பிள்ளைக்கு ஒரு மணி நேரம் விளையாட உரிமை உண்டு. பணம் கட்டி ஆடும் ரம்மிச் சூதாட்டம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் சந்தோஷம் என்ற இனிப்புக்குள், நிலம் பறித்தவன் நல்லவன், பறிகொடுத்தவள் காட்டுமிராண்டி என்ற மாத்திரையை வைத்து ஊட்டினால், அது விளையாட்டு மட்டும்தானா?

இன்னொரு பக்கத்தார் சாமி பெயரால் வருவார்கள். 2009ல் ஹைதராபாத்தில் செய்யப்பட்ட அனுமன் விளையாட்டைச் சோனி நிறுவனம் வெளியிட்டபோது, கடவுளைப் பொத்தானால் ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவிலிருந்து ஆட்சேபம் கிளம்பியது. தெய்வத்தின் மானத்தைப் பற்றி அவ்வளவு பேச்சு. அதைச் செய்தவர்களின் வேலை நேரம், சம்பளம் பற்றி அந்த ஆட்சேபத்தில் பேச்சில்லை. தடை போடு, பறிமுதல் செய் என்பது நம் வழியல்ல. நம் வழி கேள்வி கேட்பது.

நாமும் விமர்சகர்களே

விமர்சனம் என்பது இங்கிலீஷ் தெரிந்தவர், விலை கூடிய யந்திரம் வைத்திருப்பவர் மட்டும் செய்கிற காரியம் என்று எவன் சொன்னான்? ஒரு பொம்மையைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அச்சு தேய்ந்ததா, களிமண் கூழ் சரியாகக் கரைந்ததா, சூடு போதுமா என்று சொல்லிவிடுகிற கண் நம் ஊரில் உண்டு. பீங்கான் தொழில் கற்பிக்க அரசுப் பயிலகமே இங்கே இருக்கிறது. செய்பொருளைப் பார்த்துச் செய்தவன் கையைக் காண்கிற கண் அது. அதே கண்ணால் திரையையும் பார்க்கலாம்.

பிள்ளை விளையாடும்போது பக்கத்தில் உட்காருங்கள். திட்டாதீர்கள், பிடுங்காதீர்கள். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். இந்தக் கோட்டையைக் கட்டினது யார், அவர்கள் எங்கே? நீ வெட்டுகிற ஆளுக்குப் பெயர் உண்டா, அவன் ஏன் சண்டைக்கு வந்தான்? இதை வரைந்தவர்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்கள்? பதில் தெரியாவிட்டால் பாதகமில்லை. கேள்வி பிள்ளையோடு தங்கும்.

கம்ப்யூட்டர் படிக்கிற நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அந்தத் தொழிலில் சங்கம் கிடையாது, அது மூளை வேலை என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். பெங்களூரில் கணினித் துறை ஊழியர்கள் 2017ல் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். பிரிட்டனில் விளையாட்டுத் தொழிலாளர் 2018ல் சங்கம் கண்டார்கள். எக்ஸ்பாக்ஸ் விற்ற அதே மைக்ரோசாஃப்டின் கைக்குள் இருக்கும் ஜெனிமேக்ஸ் நிறுவனத்தில், விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும் ஊழியர் சுமார் 300 பேர் 2023 ஜனவரியில் சங்கம் அமைத்தார்கள். கம்பெனி அதை அங்கீகரித்தது. மூளை வேலைக்கும் முதுகு வலி உண்டு. மூளை வேலைக்கும் சங்கம் உண்டு.

புனேயின் ராஜியைப் போல் இன்னும் பல விளையாட்டுகள் நம் நாட்டில் வரட்டும். தமிழிலும் வரட்டும். அதில் கழைக்கூத்தாடிப் பெண் நாயகியாக வரட்டும்; அவள் கூட்டமும் கூடவே வரட்டும். கீழடியின் ஆதன் வரட்டும், அவன் பானையை வனைந்தவளும் வரட்டும். சூளை எரியட்டும், கப்பல் போகட்டும், கூலி கேட்டு நிற்கிற காட்சியும் வரட்டும். அப்படி ஒன்று வந்தால் அதன் படத்தையும் ஆட்டத்தையும் விமர்சகர்கள் எடை போடட்டும். அதைச் செய்தவர்கள் இரவுச் சாப்பாட்டை எங்கே சாப்பிட்டார்கள் என்று நாம் கேட்போம்.